விளக்கு கண் சிமிட்டுகிறதா? சும்மா இருந்து விடாதீர்கள்!

இரவு 7 மணி. பையன் பாடம் படிக்கிறான். அம்மா அடுப்படியில் இருக்கிறாள். அப்பா செய்தி பார்க்கிறார்.

திடீர் என்று விளக்கு மங்குகிறது. உடனே பளிச் என்று எரிகிறது. மறுபடியும் மங்குகிறது.

"கரண்டு போகப் போகுது. செல்போனுக்குச் சார்ஜ் போடு!" என்கிறார் அப்பா.

"பல்பு கெட்டுப் போச்சுங்க. வேற வாங்கணும்" என்கிறாள் அம்மா.

"மோட்டாரை நிறுத்துடா. தொட்டி நிறைஞ்சிருக்கும்" என்கிறாள் பாட்டி.

இந்த மூன்று பேரில் யார் சொல்வது சரி?

மூன்று பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். மூன்று பேர் சொல்வதும் தவறாகவும் இருக்கலாம்!

விளக்கு சிமிட்டுவது நோய் அல்ல. அது நோயின் அறிகுறி. உடம்பு சுடுகிறது என்றால், வெயிலில் அலைந்ததாலும் இருக்கலாம். விஷக் காய்ச்சலாலும் இருக்கலாம். விளக்கும் அப்படித்தான்.

பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சில வேளைகளில், வீடு தீப்பிடிப்பதற்கு முன்பு வரும் எச்சரிக்கை அது. வேறு சில வேளைகளில், டி.வி.யும் பிரிட்ஜும் எரிந்து போவதற்கு முன்பு வரும் எச்சரிக்கை.

எது ஆபத்து இல்லாதது? எது ஆபத்தானது? இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும்.

"எங்கே சிமிட்டுகிறது?"

இதுதான் அந்தக் கேள்வி. ஒரே ஒரு விளக்கா? ஒரு அறை மட்டுமா? வீடு முழுவதுமா? தெரு முழுவதுமா? இதற்குப் பதில் கிடைத்து விட்டால், கோளாறு எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்து விடும்.

எப்படி என்று பார்ப்போம்.

கரண்டு வரும் வழி

தெருவில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அதற்குள் 11 ஆயிரம் வோல்ட் மின்சாரம் வருகிறது. அதைக் குறைத்து, வீட்டுக்கு 230 வோல்ட் கிடைக்கும்படி செய்வதுதான் டிரான்ஸ்பார்மரின் வேலை.

டிரான்ஸ்பார்மரில் இருந்து முக்கியமாக 4 கம்பிகள் புறப்படுகின்றன. அவற்றில் மூன்று, "பேஸ்" கம்பிகள். ஒன்று, "நியூட்ரல்" கம்பி. சாதாரண வீட்டுக்கு ஒரு பேஸ், ஒரு நியூட்ரல் என்று இரண்டு கம்பிகள் வருகின்றன.

பேஸ் கம்பி வழியாக மின்சாரம் வருகிறது. விளக்கை எரிய வைக்கிறது. நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்பிப் போகிறது. போக ஒரு வழி, வர ஒரு வழி. இரண்டும் ஒழுங்காக இருந்தால்தான் விளக்கு ஒழுங்காக எரியும்.

மின் கம்பத்தில் இருந்து சர்வீஸ் வயர் வீட்டுக்கு வருகிறது. அங்கே இருந்து மீட்டர். பிறகு மெயின் சுவிட்ச். பிறகு பியூஸ். பிறகு அறையில் உள்ள சுவிட்சு பெட்டி. கடைசியாக, பல்பு மாட்டும் ஹோல்டர்.

ஒவ்வொரு இடத்திலும் கம்பியைக் கம்பியோடு சேர்த்து இருப்பார்கள். அல்லது, திருகு போட்டு முடுக்கி இருப்பார்கள். இந்த இணைப்புகளில் ஒன்று தளர்ந்தாலும் விளக்கு சிமிட்டும்.

வாய்க்காலில் ஒரு இடத்தில் அடைப்பு ஏற்பட்டால், அதற்கு மேலே உள்ள வயலுக்குத் தண்ணீர் பாயும். கீழே உள்ள வயல்கள் எல்லாம் காயும். மின்சாரமும் அதேபோலத்தான். ஹோல்டரில் கோளாறு என்றால் ஒரு விளக்கு சிமிட்டும். சுவிட்சு பெட்டியில் கோளாறு என்றால் ஒரு அறை சிமிட்டும். மீட்டர் பக்கத்தில் கோளாறு என்றால் வீடே சிமிட்டும். கம்பத்தில் கோளாறு என்றால் பல வீடுகள் சிமிட்டும்.

ஒரே ஒரு விளக்கு

முதலில், ஒரே ஒரு விளக்கு மட்டும் சிமிட்டுகிறது என்று வைத்துக் கொள்வோம்.

இதுதான் மிகச் சாதாரணமான கோளாறு. சுவிட்சை அணையுங்கள். மெயினையும் அணைத்து விடுங்கள். பல்பு சூடு ஆறட்டும். பிறகு அதைக் கழற்றி, வேறு இடத்தில் நன்றாக எரியும் பல்பு ஒன்றை அங்கே மாட்டிப் பாருங்கள்.

புதிய பல்பு சிமிட்டாமல் எரிகிறதா? அப்படியானால் பழைய பல்புதான் கெட்டுப் போய் இருக்கிறது.

புதிய பல்பும் சிமிட்டுகிறதா? அப்படியானால் கோளாறு ஹோல்டரிலோ சுவிட்சிலோ இருக்கிறது. ஹோல்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் முனைகள் நாளாக நாளாகத் துரு ஏறி அமுங்கிப் போகும். பல்பைச் சரியாகத் தொடாது. ஹோல்டரை மாற்றினால் தீர்ந்தது.

சுவிட்சுக்குள் எறும்பு புகுந்து விடுவதும் உண்டு. வெள்ளை அடிக்கும்போது சுண்ணாம்பு உள்ளே இறங்கி விடுவதும் உண்டு. இரண்டிலும் சுவிட்சின் முனைகள் ஒன்றை ஒன்று சரியாகத் தொடாமல் போகும். விளக்கு சிமிட்டும்.

குழல் விளக்கு

பழைய மாதிரி டியூப் லைட் வைத்து இருப்பவர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டதும் அது நாலைந்து முறை சிமிட்டிவிட்டு எரிவது வழக்கம்.

விடாமல் சிமிட்டிக் கொண்டே இருந்தால் முதலில் ஸ்டார்ட்டரை மாற்றுங்கள். அது மிகவும் மலிவான பொருள். அப்போதும் நிற்காவிட்டால் டியூப்பின் இரண்டு முனைகளையும் பாருங்கள். கறுத்துப் போய் இருந்தால், அதன் ஆயுள் முடிந்து விட்டது என்று பொருள்.

இன்னொரு வேடிக்கை. சோக் போட்ட டியூப் லைட், நன்றாக எரியும்போதும் ஒரு வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கித்தான் எரிகிறது! நம் ஊர் மின்சாரம் ஒரு வினாடிக்கு 50 தடவை ஏறி இறங்குவதுதான் இதற்குக் காரணம். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை என்று 100 தடவை ஒளி வருகிறது. கண்ணுக்கு இது தெரிவது இல்லை.

ஆனால், வேகமாகச் சுற்றும் மின்விசிறியை அந்த வெளிச்சத்தில் பாருங்கள். சில நேரங்களில் அது மெதுவாகச் சுற்றுவது போலத் தோன்றும். பின்பக்கமாகச் சுற்றுவது போலவும் தோன்றும். பட்டறைகளில் இது ஆபத்து. சுற்றுகிற சக்கரம் நின்று விட்டது போலத் தோன்றும். ஆள் கையை வைத்து விடுவான். அதனால்தான் பட்டறைகளில் பக்கத்துப் பக்கத்து விளக்குகளுக்கு வேறு வேறு பேஸில் இருந்து மின்சாரம் கொடுப்பது உண்டு.

பேய் அல்ல!

சில வீடுகளில் விசித்திரமான காட்சி ஒன்றைக் காணலாம்.

சுவிட்சை அணைத்து விட்டுப் படுக்கிறார்கள். நள்ளிரவில் கண் விழித்துப் பார்த்தால், விளக்கு "மினுக், மினுக்" என்று சிமிட்டுகிறது! குழந்தைகள் பயந்து போர்வையை இழுத்து மூடிக் கொள்கிறார்கள்.

இது பேயும் அல்ல, பிசாசும் அல்ல.

இப்போது வரும் சில சுவிட்சுகளில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. இருட்டில் சுவிட்சு இருக்கும் இடம் தெரிவதற்காக அதை வைத்து இருக்கிறார்கள். சுவிட்சை அணைத்த பிறகும், இந்தச் சின்ன விளக்கு வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசிந்து போகும். அந்தக் காலத்துக் குண்டு பல்பு இதைச் சட்டை செய்யாது. எல்.இ.டி. பல்புக்கு அது போதும்.

குழாய் சொட்டுகிறது. கீழே இருக்கும் சொம்பு மெல்ல மெல்ல நிறைகிறது. நிறைந்ததும் ஒரே ஊற்றாக ஊற்றி விடுகிறோம். மறுபடியும் நிறைகிறது. அதேபோல, எல்.இ.டி. பல்புக்குள் கசிவு மின்சாரம் சேர்கிறது. போதுமான அளவு சேர்ந்ததும் ஒரு மினுக்! பிறகு மறுபடியும் சேர்கிறது. மறுபடியும் ஒரு மினுக்!

சிவப்பு விளக்கு இல்லாத சுவிட்சை மாட்டினால் பேய் ஓடிப் போகும்.

ஆனால் ஒன்று. சுவிட்சில் சிவப்பு விளக்கே இல்லை. அப்படியும் அணைத்த பல்பு மங்கலாக எரிகிறது என்றால் கவனமாக இருங்கள். வயரிங் செய்தவர், பேஸ் கம்பியைச் சுவிட்சுக்குக் கொண்டு வருவதற்குப் பதிலாக, நியூட்ரலைக் கொண்டு வந்து இருக்கலாம். அப்போது சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டருக்கு மின்சாரம் வந்து கொண்டே இருக்கும். "அணைத்து இருக்கிறோமே" என்று நம்பிக் கையை வைத்தால், உயிருக்கு ஆபத்து. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். பல்பு மாற்றும்போது மெயினையும் அணைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஒரு அறை மட்டும்

இனி, முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

ஒரு அறையில் விளக்கு, மின்விசிறி எல்லாம் சேர்ந்து மங்குகின்றன. அல்லது, துணி தேய்க்கும் பெட்டியைப் போட்டால் அந்த அறை விளக்கு மட்டும் சிமிட்டுகிறது.

எலக்ட்ரீசியனிடம் பலர் இப்படித்தான் பேசுகிறார்கள்:

"அண்ணே, ஐயன் பாக்ஸ் போட்டா லைட்டு மங்குது."

"எத்தனை நாளாம்மா?"

"ஒரு மாசமா. பியூஸ்தான் போகலையே! அதனால சும்மா விட்டுட்டோம்."

இந்தக் கடைசி வார்த்தையில்தான் ஆபத்து இருக்கிறது. "பியூஸ் போகவில்லை. ஆகவே பயம் இல்லை" என்று நினைப்பது பெரிய தவறு.

பியூஸ் எப்போது போகும்? அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் போகும். ஆனால், இணைப்பு தளர்ந்து இருக்கும்போது அளவுக்கு மேல் மின்சாரம் ஓடுவது இல்லை. வழக்கமாக ஓடுகிற மின்சாரம்தான் ஓடுகிறது. தளர்ந்து போன இடத்தில் மட்டும் அது திணறுகிறது. அந்த இடம் சூடாகிறது.

எவ்வளவு சூடு? ஒரு சின்னக் கணக்கு.

தண்ணீர் காய்ச்சும் ஹீட்டருக்கு 10 ஆம்பியர் மின்சாரம் போகிறது என்று வைத்துக் கொள்வோம். வழியில் ஒரு திருகு தளர்ந்து, அங்கே 10 வோல்ட் வீணாகிறது. 10-ஐ 10-ஆல் பெருக்குங்கள். 100 வாட்!

எரிந்து கொண்டு இருக்கும் 100 வாட் குண்டு பல்பைக் கையால் தொட முடியுமா? அந்தச் சூடு முழுவதும் ஒரு திருகின் நுனியில், பிளாஸ்டிக் பெட்டிக்குள், மூடிய சுவருக்குள் உண்டாகிறது. முதலில் வயரின் மேல்தோல் உருகும். பிறகு சுவிட்சு பெட்டி கருகும். பக்கத்தில் திரைச் சீலையோ மெத்தையோ இருந்தால், தீ பற்றிக் கொள்ளும்.

பியூஸ் இதைக் கண்டுபிடிக்காது. பியூசுக்குப் பதிலாக இப்போது வந்து இருக்கும் எம்.சி.பி. சுவிட்சும் கண்டுபிடிக்காது. வீட்டில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை, பெரும்பாலும் விளக்கின் சிமிட்டல்தான்!

அதோடு சேர்ந்து வரும் வேறு அறிகுறிகளும் உண்டு.

சுவிட்சு பெட்டியில் இருந்து "கிர்ர்" என்று ஓசை வரும். பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் அடிக்கும். சுவிட்சு பெட்டியின் மேற்பகுதி மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். பிளக்கைப் பிடுங்கும்போது அதன் கால்கள் சுடும்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும், அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி விடுங்கள். எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும் வரை அந்தச் சுவிட்சைப் போட வேண்டாம். ஒரு திருகை முடுக்குவதோடு முடிகிற வேலையாக அது இருக்கலாம். விட்டு வைத்தால், வீட்டையே திரும்பக் கட்டும் வேலையாக முடியலாம்.

சுவருக்கு மேலே ஓடும் பழைய வயர்களை எலி கடித்து வைப்பதும் உண்டு. ஓட்டு வீடுகளிலும் பரண் உள்ள வீடுகளிலும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வீடு முழுவதும்

வீடு முழுவதும் விளக்கு மங்குகிறது. பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிறீர்கள். அங்கே விளக்கு நன்றாக எரிகிறது.

அப்படியானால் கோளாறு உங்கள் வீட்டில்தான்.

பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், ஏ.சி. ஆகியவை ஓடத் தொடங்கும்போது மட்டும் விளக்கு ஒரு கணம் மங்கினால் பயப்பட வேண்டாம். நிற்கிற வண்டியைத் தள்ள அதிக பலம் வேண்டும்; ஓடுகிற வண்டியைத் தள்ளக் கொஞ்சம் பலம் போதும். மோட்டாரும் அப்படித்தான். ஓடத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில், வழக்கத்தைப் போல ஐந்து, ஆறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். விளக்கு மங்கி, உடனே சரியாகி விடும்.

ஆனால் மோட்டார் ஓடுகிற நேரம் முழுவதும் விளக்கு மங்கலாகவே இருந்தால், அது சரி அல்ல. வயர் மெலிதாக இருக்கலாம். அல்லது, மெயின் சுவிட்சிலோ மீட்டரிலோ இணைப்பு தளர்ந்து இருக்கலாம்.

காற்று அடித்தால் மட்டும் வீடு முழுவதும் சிமிட்டுகிறதா? வெளியே வந்து சர்வீஸ் வயரைப் பாருங்கள். தொடாமல், தூரத்தில் நின்று பாருங்கள். வயர் மரக்கிளையில் உரசுகிறதா? கம்பத்தில் வயர் சுற்றி இருக்கும் இடத்தில் பொறி பறக்கிறதா? பொறி பறந்தால் உடனே மின்சார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கம்பத்தில் அலுமினியக் கம்பியோடு செம்புக் கம்பியைச் சேர்த்து இருந்தால், மழைத் தண்ணீர் பட்டுப் பட்டு அந்த இடம் அரித்துப் போகும். மழைக் காலம் வந்தால் வீட்டு விளக்கு சிமிட்டத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம்.

சர்வீஸ் வயரைத் தாங்குவதற்கு ஒரு இரும்புக் கம்பி கட்டி இருப்பார்கள். தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கம்பியில் துணி காயப் போடாதீர்கள். துணிக் கொடியை அதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். வயரின் தோல் தேய்ந்து போய் இருந்தால், ஈரத் துணியைப் போடும் கை மின்சாரத்தைத்தான் பிடிக்கும்.

தெரு முழுவதும்

தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு மங்கலாக எரிகிறது. மாலை ஆனால் மங்கும். நள்ளிரவுக்குப் பிறகு சரியாகி விடும். இதைத்தான் "லோ வோல்டேஜ்" என்கிறோம்.

காவிரித் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேருவதற்குள் குறைந்து போவது போல, டிரான்ஸ்பார்மரில் இருந்து தூரம் போகப் போக வோல்ட் குறையும். நடுவில் உள்ள வீடுகளில் ஏ.சி.யும் மோட்டாரும் ஓடினால், கடைசி வீட்டுக்கு வந்து சேரும் வோல்ட் இன்னும் குறையும்.

குண்டு பல்பு இதை உடனே காட்டிக் கொடுத்து விடும். வோல்ட் நூற்றுக்கு 10 பங்கு குறைந்தால், குண்டு பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு குறையும். எல்.இ.டி. பல்புகளில் பல, வோல்ட் குறைந்தாலும் காட்டிக் கொள்ளாமல் எரியும். ஆகவே, எல்.இ.டி. போட்ட வீட்டில் விளக்கைப் பார்த்தால் போதாது. மின்விசிறியைப் பாருங்கள். அது சோம்பலாகச் சுற்றினால், வோல்ட் குறைந்து இருக்கிறது.

குறைந்த வோல்ட்டில் பிரிட்ஜ், மோட்டார் ஆகியவை ஓட முடியாமல் திணறும். அதனால் சூடாகி, உள்ளே சுற்றி இருக்கும் கம்பி கருகி விடும். அந்த நேரத்தில் அவற்றை நிறுத்தி வைப்பது நல்லது.

ஒரு விளக்கு மங்கல், ஒரு விளக்கு பிரகாசம்!

இப்போது சொல்லப் போவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நன்றாக நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் விளக்கு மங்குகிறது. அதே நேரத்தில் எதிர் வீட்டில் விளக்கு கண்ணைப் பறிக்கும்படி எரிகிறது. அல்லது, மூன்று பேஸ் உள்ள வீட்டில் ஒரு அறை மங்குகிறது, இன்னொரு அறை ஜெகஜோதியாக எரிகிறது. மின்விசிறி பேய் வேகத்தில் சுற்றுகிறது.

உடனே மெயினை அணையுங்கள்! ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

நியூட்ரல் கம்பி அறுந்து இருக்கலாம். அல்லது, அதன் இணைப்பு தளர்ந்து இருக்கலாம்.

நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும்? உங்கள் வீட்டுக்குள் வந்த மின்சாரத்துக்குத் திரும்பிப் போக வழி இல்லை. அது வேறு பேஸில் உள்ள எதிர் வீட்டின் வழியாகப் போகப் பார்க்கும். இரண்டு வீடுகளும் தனித்தனியே 230 வோல்ட் வாங்குவதற்குப் பதிலாக, இரண்டு பேஸ்களுக்கு நடுவில் உள்ள 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக் கொள்ள வேண்டியது வரும்.

அந்தப் பங்கு, சரி பாதிப் பங்கு அல்ல. நியாயம் இல்லாத பங்கு!

ஒரு வீட்டில் 1,000 வாட் அளவுக்குச் சாமான்கள் ஓடுகின்றன. எதிர் வீட்டில் 250 வாட் அளவுக்குத்தான் ஓடுகின்றன. இந்த இரண்டு வீடுகள் மட்டும் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், 1,000 வாட் வீட்டுக்கு 80 வோல்ட்தான் கிடைக்கும். எதிர் வீட்டுக்கு 320 வோல்ட் போய் விடும்!

ஆக, சிக்கனமாக இரண்டு விளக்கும் ஒரு டி.வி.யும் போட்டுக் கொண்டு இருந்த வீட்டுக்குத்தான் அதிக நஷ்டம். ஒரு தெருவில் ஒரே இரவில் பல டி.வி.க்கள் எரிந்து போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

உங்கள் வீட்டு நியூட்ரல் மட்டும் அறுந்தால் விளக்கு எதுவும் எரியாது. "கரண்டு இல்லை" என்று நினைப்பீர்கள். ஆனால், பேஸ் கம்பியில் மின்சாரம் இருந்து கொண்டே இருக்கும். அது விளக்கு, மின்விசிறி வழியாக வந்து, நியூட்ரல் கம்பியையும் "ஷாக்" அடிக்கும் கம்பியாக்கி விடும். ஆகவே, "விளக்கு எரியவில்லையே" என்று நம்பி எந்த வயரையும் தொடக் கூடாது.

பியூஸ் கட்டையில் விளையாடாதீர்கள்

சில வீடுகளில் பியூஸ் அடிக்கடி போகும். "இனிமேல் போகவே கூடாது" என்று கனமான செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டி விடுவார்கள். பியூஸ் போகாது. அதற்குப் பதிலாக வயர் எரியும்!

பியூஸ் என்பது வீட்டுக் காவல்காரன். அவன் சத்தம் போட்டால், எதற்காகப் போடுகிறான் என்று பார்க்க வேண்டும். அவன் வாயைக் கட்டக் கூடாது. சரியான அளவுள்ள பியூஸ் கம்பியைத்தான் கட்ட வேண்டும். அதையும் மெயினை அணைத்த பிறகே கட்ட வேண்டும்.

உயிரைக் காப்பதற்கு என்று இன்னொரு கருவி இருக்கிறது. அதன் பெயர் "ஆர்.சி.சி.பி.". வீடுகளில் பொருத்தும் கருவி, 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்து விடும். 60 வாட் குண்டு பல்பில் ஓடும் மின்சாரத்தில் இது ஏறத்தாழ 9-ல் ஒரு பங்குதான். ஒருவருக்கு ஷாக் அடித்தால், கண் மூடித் திறப்பதற்குள் மின்சாரம் நின்று விடும். அதில் "டெஸ்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நின்றால், கருவி வேலை செய்கிறது என்று பொருள்.

தண்ணீர்க் குழாயைத் தொட்டால் "சுர்" என்கிறதா? எர்த் சரி இல்லை. எங்கோ மின்சாரம் கசிகிறது. விளக்கு சிமிட்டுவதோடு இதுவும் சேர்ந்து இருந்தால், மெயினை அணைத்து விட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

யாரிடம் சொல்வது?

மீட்டருக்கு உள்ளே, அதாவது வீட்டு வயரிங்கில் கோளாறு என்றால், லைசென்சு பெற்ற எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

மீட்டர், சர்வீஸ் வயர், கம்பம், டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றில் கோளாறு என்றால், மின்சார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மீட்டரின் சீலை உடைப்பதும், கம்பத்தில் ஏறுவதும் குற்றம், உயிருக்கும் ஆபத்து.

1957-ம் ஆண்டு தொடங்கிய மின்சார வாரியம் பிறகு பல பிரிவுகள் ஆயிற்று. 2024-ம் ஆண்டு, வீடுகளுக்கு மின்சாரம் வினியோகம் செய்வதற்கு என்று தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் தனியாக அமைந்தது. ஆனாலும் மக்கள் வாயில் அது "ஈ.பி. ஆபீஸ்"தான்! புகார் சொல்வதற்கு 2021-ம் ஆண்டு "மின்னகம்" என்ற சேவை மையத்தைத் தொடங்கினார்கள். அதன் எண்: 94987 94987. இரவும் பகலும் பேசலாம்.

"கரண்டு சரி இல்லை" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். மின் இணைப்பு எண்ணைச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் மங்குகிறது, எத்தனை வீடுகளில் மங்குகிறது, காற்றிலா மழையிலா என்று சொல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாலைந்து நாள் குறித்து வைத்தால் இன்னும் நல்லது. டாக்டரிடம் நோயைச் சரியாகச் சொன்னால்தான் சரியான மருந்து கிடைக்கும்.

செய்ய வேண்டியவை

மின்சாரம் நின்றால், பிரிட்ஜ், ஏ.சி., டி.வி. ஆகியவற்றின் சுவிட்சை அணைத்து விடுங்கள். மின்சாரம் வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

ஒரே பிளக்கில் மூன்று, நான்கு சாமான்களைச் சொருகாதீர்கள்.

ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள்.

சுவிட்சு பெட்டியில் தீப்பிடித்தால் தண்ணீரை ஊற்றாதீர்கள். மெயினை அணையுங்கள். காய்ந்த மணலைப் போடுங்கள். 101-க்குப் போன் செய்யுங்கள்.

கம்பி அறுந்து விழுந்து கிடந்தால் பக்கத்தில் போகாதீர்கள். குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் போக விடாதீர்கள்.

ஒருவரை மின்சாரம் பிடித்துக் கொண்டால், அவரைக் கையால் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு 108-க்குச் சொல்லுங்கள்.

இன்று இரவு விளக்கு சிமிட்டினால், நாற்காலியில் உட்கார்ந்தபடி "சே!" என்று சலித்துக் கொள்ளாதீர்கள். எழுந்து நாலு இடம் பாருங்கள். இந்த ஒரு விளக்கா? இந்த அறையா? இந்த வீடா? இந்தத் தெருவா?

பதிலைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடம் ஒரு வீட்டையும், அதில் தூங்குகிற குழந்தைகளையும் காப்பாற்றலாம்.